கொட்டிற் சுவரின் உக்கிய பலகைகளைச் செப்பனிடுதல்

வயற்கரையிலும் தோட்ட மூலையிலும் நிற்கும் பலகைக் கொட்டில் மண்வெட்டியும் தெளிகருவியும் வைப்பதற்கு மாத்திரம் உரியதன்று. சிறுபோகத்திற்கு நீர் கிடையாத இடங்களில், மாசி பங்குனியில் அறுவடை செய்த நெல்லில் விதைக்கென ஒதுக்கிய பகுதி ஐப்பசி விதைப்பு வரை ஏழெட்டு மாதம் அதனுள்ளேயே கிடக்கின்றது. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் விதை உருளைக்கிழங்கும் பசளையும் அவ்வாறே வைக்கப்படுகின்றன. ஆகவே கொட்டிலின் அடிப்பலகை உக்குமானால் அது பலகையோடு நின்றுவிடும் நட்டமன்று. விதைநெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படாது இருத்தல் வேண்டும். எவ்வளவு நன்றாக உலர்த்தி மூடையிட்டாலும், ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் சாக்கு அச்சுவரின் ஈரத்தை உறிஞ்சி நெல்லுக்குக் கொடுக்கும். அந்நெல் வயலில் முளைக்காது போகும்பொழுதே கமக்காரர் நட்டத்தை அறிவர். அப்பொழுது வேறு விதை தேடக் காலம் இராது.

உக்கிய பலகை எலிக்கும் வாசலாகும். அரை அங்குல இடைவெளி இருப்பின் எலிக்குஞ்சு நுழைந்துவிடும். சுண்டெலிக்கு அதனிற் பாதி போதும். எலி தின்னும் நெல் ஒருபுறமிருக்க, அதன் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நெற்செய்கை செய்வோரை மிகுதியாகத் தாக்குவது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது.

உக்கிய பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப்பலகை அறைதல் கடினமான வேலையன்று. வாளும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்த எவரும் அதனைச் செய்யலாம். ஆனால் அதே இடத்திற் பலகை இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் உக்குவதைப் பல கொட்டில்களிற் காணலாம். பலகை மாறியதேயன்றி, அதனை உக்கச் செய்த நீர் மாறவில்லை என்பதே இதன் காரணம். எனவே இத்துண்டுப் பிரசுரத்தில் தச்சு வேலைக்கு முன்னர் நீரைப் பற்றியே கூறப்படுகின்றது.

உக்குதல் எவ்வாறு நிகழ்கின்றது

மரம் முதுமையினால் உக்குவதில்லை. அதனை உண்பது பங்கசு. நெற்பயிரில் எரிபந்த நோயை உண்டாக்குவதும் ஒரு பங்கசே என்பதைக் கமக்காரர் அறிவர். மரத்தை உண்ணும் பங்கசுகளின் வித்திகள் காற்றில் எங்கும் உள்ளன. அவற்றைத் தடுக்க ஒருவராலும் இயலாது. ஆனால் அவை வளர்வதற்கு நீர் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை பங்கசு அதில் வேர்கொள்ளாது. மழையில் நனைந்து ஓரிரு நாளிற் காய்ந்துவிடும் பலகை பல்லாண்டு நிற்கும். நனைந்தபின் காய்வதற்கு இடமில்லாத பலகையே உக்கும். கூரையின் கீழிருக்கும் வளை நாற்பது ஆண்டு கடந்தும் உறுதியாக இருக்க, அதே மரத்தில் அரிந்த அடிப்பலகை ஆறாம் ஆண்டில் விரலால் அழுத்த உதிர்வது இதனாலாகும்.

பலகையின் தட்டையான முகத்தைவிட, குறுக்கே வெட்டிய முனை பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். மரம் உயிருடன் நின்றபொழுது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசென்ற நுண்குழாய்கள் அம்முனையில் வாய் திறந்திருப்பதே காரணம். நெடுக்காக நிறுத்திய பலகையின் அடிமுனை, கிடையாக அறைந்த பலகைகள் மூலையிற் சந்திக்கும் இடம், கதவு நிலையின் பாதம், ஆணித்துளை ஆகிய இடங்களில் உக்குதல் முதலிற் தொடங்கும். பார்வையிடும்பொழுது இவ்விடங்களையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

உக்கலா, உளுத்தலா, கறையானா

பலகை கெட்டிருப்பதைக் கண்டவுடன் அதனை உக்கல் என்று முடிவு செய்தல் கூடாது. உக்கிய பலகை நிறம் மாறி, குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டிகளாக வெடித்திருக்கும். அல்லது வெளுத்து நார்நாராகப் பிரியும். உளுத்த பலகையிற் குண்டூசித் தலையளவு துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் காணப்படும். இது வண்டின் வேலை. உலர்ந்த மரத்திலும், சிறப்பாக இறப்பர், மா முதலியவற்றின் வெள்ளைப் பகுதியில், இஃது உண்டாகும். கறையான் அரித்த பலகை வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே வெறுமையாக இருக்கும்; அடிக்கல்லின்மீது மண்ணாலான வழிகள் ஏறியிருக்கும். ஈரமான மரம் கறையானுக்கு விருப்பமானது என்பதால், உக்கலும் கறையானும் ஒருங்கே இருப்பதும் உண்டு.

சோதிப்பதற்கு நான்கங்குல ஆணி ஒன்று போதும். அதன் முனையைப் பலகையிற் சரிவாகக் குத்தி நெம்பிப் பார்க்கவேண்டும். நல்ல மரம் நீண்ட சிராயாகக் கிளம்பும். உக்கிய மரம் ஓசையின்றிக் குட்டையாக முறியும். தீந்தை (பெயின்ற்) பூசிய சுவரிற் கண்ணை நம்புதல் ஆகாது. தீந்தையின் தோல் முழுமையாக இருக்க அதன் பின்னே மரம் கரைந்துபோயிருக்கும். சுவரின் அடியில் இரண்டடி உயரம் வரை ஓரடிக்கு ஒரு தடவையாகக் குத்தி, கெட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வரல் நன்று. கெட்ட இடங்கள் எவ்வாறு பரந்துள்ளன என்பதை எட்ட நின்று பார்த்தால், நீர் எங்கிருந்து வருகின்றது என்பது பெரும்பாலும் தானே புலப்படும்.

நீர் வரும் வழியை அறிதல்

வட, கீழ் மாகாணங்களில் வடகீழ்ப் பருவக்காற்றே பெருமழையைத் தருவது. ஆகையால் வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களே சாரலை மிகுதியாகப் பெறுகின்றன. நுவரெலியாப் பகுதியிற் தென்மேற்குப் பருவக்காற்று மாதக்கணக்கில் மழையையும் மூடுபனியையும் கொண்டு வருவதால் அங்கே மேற்கும் தெற்கும் பார்த்த சுவர்கள் கெடும். ஊவாவின் வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் மீண்டும் வடகீழ்க் காற்றின் மழையே பெரிது. காற்றுக்கு எதிரான சுவர் முழுவதும் மேலிருந்து கீழ்வரை பரவலாகக் கெட்டிருப்பின் குறை கூரை விளிம்பிலாகும். அது சுவருக்கு வெளியே போதிய அளவு நீளவில்லை.

அடியில் ஓரடி உயரம் மாத்திரம் நாற்புறமும் கெட்டிருப்பின் அது தெறிநீரால் வந்தது. கூரை விளிம்பிலிருந்து விழும் துளி வெறுமண்ணில் மோதிச் சேற்றோடு மேலே தெறிக்கும். பலகையிற் சேற்றுப் புள்ளிகள் எவ்வளவு உயரத்திற்கு உள்ளனவோ அவ்வளவு உயரத்திற்கு உக்கலும் இருப்பதைக் காணலாம். கொட்டில் கட்டிய காலத்தில் அடிப்பலகை நிலத்திலிருந்து அரையடி உயர்ந்தே இருந்திருக்கும். பின்னர் ஆண்டுதோறும் கூட்டித் தள்ளிய குப்பையும், சாம்பலும், மாட்டெருவும், வாய்க்கால் வெட்டிய மண்ணும் சுவரோரம் சேர்ந்து நிலம் உயர்ந்துவிடுகின்றது. பலகை கீழே இறங்கியதாகத் தோன்றும். உண்மையில் நிலமே மேலே வந்தது. மண் தொட்டுக்கொண்டிருக்கும் பலகைக்கு எந்த மருந்தும் உதவாது.

ஓரிடத்தில் மாத்திரம் ஒழுக்கின் தடம்போல நீளவாட்டிற் கெட்டிருப்பின் மேலே நேராகப் பார்க்கவேண்டும். ஓடு நகர்ந்திருக்கும், தகரத்தின் ஆணித்துளை பெருத்திருக்கும், பீலி இருக்குமாயின் இலை அடைத்து நீர் சுவர்ப்பக்கம் வழிந்திருக்கும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். கூரை கல்நார்த் தகடாக இருப்பின் அதனை வாளால் அரிதலும், உலர்ந்த நிலையிற் துளைத்தலும், தேய்த்துக் கழுவுதலும் கூடா. அதன் நுண்தூள் சுவாசப்பையைக் கெடுக்கும். அத்தகைய கூரையை அப்படியே விட்டு, அதன் விளிம்பின் கீழே நாகம் பூசிய தகரத்தால் ஒரு சார்ப்பு இறக்குதலே தகுந்தது.

வெளிப்புறம் நன்றாக இருக்க உட்புறம் கெட்டிருப்பின் குற்றவாளி கொட்டிலினுள்ளேயே இருக்கின்றான். யூரியாவும் ஏனைய உப்புப் பசளைகளும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் இயல்புடையன. பலகையோடு ஒட்டி அடுக்கிய பசளைப் பைகளுக்குப் பின்னால் மரம் என்றும் காய்வதில்லை. கசிந்த உப்பு ஆணிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த ஆணியைச் சுற்றியுள்ள மரம் கறுத்து இளகிப் பிடியற்றுப் போகும். நெல் மூடையாயினும் பசளைப் பையாயினும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தரையில் மரச்சட்டங்களின்மேல் அடுக்கவேண்டும்.

செய்யத் தகாதவை

கமக்காரர் சிலர் உக்கிய ஓட்டைகளுக்குச் சீமெந்துக் கலவை அடைப்பர். மரம் மாரியிற் பருத்துக் கோடையிற் சுருங்கும். சீமெந்து அவ்வாறு செய்யாது. முதற் கோடையிலேயே இரண்டுக்குமிடையில் மயிரிழை வெடிப்பு உண்டாகி, அடுத்த மழையின் நீர் அதனுட் புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும். வேறு சிலர் தட்டி விரித்த தகரத்தை உக்கிய பலகையின்மேல் அறைந்துவிடுவர். அது கண்ணுக்கு அழகாயிருக்கும். உக்கலுக்கு நல்ல கூடாகவும் இருக்கும். ஈரமரத்தின்மேல் தீந்தை பூசுதலும் இவ்வகையைச் சேர்ந்ததே. மூன்றிலும் நடைபெறுவது ஒன்றே: நீர் உள்ளே அடைபடுகின்றது.

வேலைக்கு ஏற்ற காலம்

வரண்ட பிரதேசத்தில் ஆனி முதல் ஆவணி வரையுள்ள காலம் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. மரம் அப்பொழுதே நன்றாகக் காய்ந்திருக்கும். பெரும்போக வேலைகளும் தொடங்கியிரா. ஊவாவிற்கும் இதே காலம் பொருந்தும். நுவரெலியாப் பகுதியினர் தை தொடக்கம் பங்குனி வரையுள்ள நாட்களைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். விதை மூடைகள், பசளை, பீடைநாசினிப் போத்தல்கள், மண்ணெண்ணெய் யாவற்றையும் வேலைக்கு முதல்நாளே வெளியேற்றி வேறிடத்திற் பூட்டி வைக்கவேண்டும்.

பலகையைத் தெரிதல்

மரத்தின் பெயரைவிட, அது வைரமா வெள்ளையா என்பதே முக்கியம். உயர்ந்த மரமாயினும் அதன் வெள்ளைப் பகுதி வெளிச்சுவருக்கு உதவாது. இளந்தேக்கில் அரிந்த பலகைகளில் வெள்ளையே மிகுதி. தேக்கு என்ற பெயருக்காக அதிக விலை கொடுத்து ஏமாறுதல் கூடாது. முதிரை, பாலை ஆகியவற்றின் வைரம் மிக உறுதியானது. ஆயினும் இவை காட்டு மரங்களாதலின் அநுமதியுடன் கொண்டுவரப்பட்டவையா என்பதை வாங்குமுன் அறியவேண்டும். பலாவும் வேம்பும் நல்லன. பனையின் சிறப்பு வேறு. ஏனைய மரங்களில் உறுதி நடுவிலிருக்க, பனையிலும் தென்னையிலும் அது புறத்தே உள்ளது. புறத்தே காழுடையதைப் புல்லென்றும் அகத்தே காழுடையதை மரமென்றும் பழைய இலக்கணகாரர் பிரித்து வைத்ததைத் தச்சர் நாள்தோறும் வாளின்கீழ்க் காண்கின்றனர். முற்றிய பனையின் புறக்காழ் பலகைக்கு நிகரானது சில. உள்ளேயுள்ள சோற்றி ஒரு மாரியையும் தாங்காது. பலா மரத்தையும் பெண் பனையையும் சொந்தக் காணியில் நின்றாலும் வெட்டுவதற்கு, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அநுமதி பெறவேண்டும். இதுபற்றிக் கிராம அலுவலரிடம் கேட்டறியலாம்.

மலைநாட்டிற் சைப்பிரசு, யூக்கலிப்டசு, பைன் பலகைகள் எளிதிற் கிடைக்கும். யூக்கலிப்டசுப் பலகை வெடித்து முறுகும் இயல்புடையது. நன்றாக உலர்த்தியதையே வாங்கவேண்டும். பைன், இறப்பர், மா ஆகியவற்றை மருந்திடாது வெளிச்சுவருக்கு உபயோகித்தல் பணத்தை மழையில் விடுதலாகும். எம்மரமாயினும் முக்காலங்குலப் பலகையை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மூன்று மாதம் உலரவிடுதல் நன்று. பச்சைப் பலகையை அறைந்தால் அது சுருங்கி இடைவெளி விடும்.

பழைய பலகையை அகற்றல்

கிடையாக அறைந்து, மேற்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் தலைவிளிம்பை மூடுமாறு அமைந்த சுவரிற் கீழ்ப்பலகையை மாத்திரம் கழற்றுதற்கு ஒரு முறையுண்டு. அதன் மேலுள்ள பலகையின் அடியில் மெல்லிய மர ஆப்பைச் செலுத்திச் சற்றே தூக்கவேண்டும். உள்ளே ஆணி தெரியும். இரும்பு அறுக்கும் வாளின் அலகை மாத்திரம் துணியாற் சுற்றிப் பிடித்து அந்த ஆணியை அறுத்துவிட்டால், மேற்பலகை பழுதுபடாது கீழ்ப்பலகை வந்துவிடும். அலவாங்கால் நெம்பி இழுப்போர் ஒரு பலகையை எடுக்கப் போய் மூன்று பலகையைப் பிளந்துவிடுவர்.

முழுப்பலகையும் கெடாதவிடத்து, கெட்ட பகுதி முடிந்ததாகத் தோன்றும் இடத்திலிருந்து நல்ல மரத்தினுள் ஓரடி தள்ளியே வெட்டவேண்டும். பங்கசின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் உக்கலுக்கு அப்பாலும் சென்றிருக்கும். வெட்டு, செங்குத்துச் சட்டம் ஒன்றின் நடுவில் அமைதல் வேண்டும். அப்பொழுதே பழம் பலகையின் முனைக்கும் புதுப்பலகையின் முனைக்கும் ஆணியடிக்க இடமிருக்கும். வெட்டியெடுத்த துண்டுகளைக் கொட்டிலோரம் குவிக்காது அன்றே அடுப்புக்கு அனுப்பலாம். தீந்தை பூசிய அல்லது மருந்திட்ட துண்டுகளைச் சமையலடுப்பில் எரித்தல் ஆகாது.

அடிச்சட்டமும் கப்பும்

பலகை அகன்றதும் அதன் பின்னேயுள்ள அடிச்சட்டத்தையும் கப்புகளின் பாதத்தையும் ஆணியாற் குத்திப் பார்த்தல் வேண்டும். இதனைச் செய்யாது புதுப்பலகையை அறைதல் வீண். அடிச்சட்டத்தில் இரண்டு மூன்றடி மாத்திரம் கெட்டிருப்பின், கூரை வளைக்குக் கீழே உறுதியான முட்டுக்கள் கொடுத்து, அப்பகுதியை வெட்டியெடுத்து அதே பருமனான புதுச்சட்டம் வைக்கலாம். முட்டுக் கொடாது சட்டத்தை வெட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும். கூரையின் பாரம் முழுவதும் அக்கப்புகளின்மீதே உள்ளது. ஓடு வேய்ந்த கூரையாயின் இப்பகுதியைத் தச்சரிடம் விடுதலே முறை.

கப்பின் பாதம் உக்கியிருப்பின் நல்ல மரம் வரை வெட்டி, புதுப்பாதத்தை ஓரடிக்குக் குறையாத அரைக்கரை மூட்டாக இணைத்து, இரண்டு மரையாணிகளால் இறுக்கவேண்டும். புதுப்பாதம் மண்ணினுள் இறங்கலாகாது. நிலத்துக்கு மேல் ஆறங்குலம் உயர்ந்த கொங்கிறீற்றுக் கட்டியின்மேல், இரும்புப் பட்டையாற் பிணைத்து நிறுத்தவேண்டும். கட்டியின் தலை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருத்தல் நன்று. மட்டமாக இருப்பின் மழைநீர் கப்பின் பாதத்திலேயே தேங்கும்.

நாற்புறமும் அடிச்சட்டமும் இரண்டடி உயரப் பலகைகளும் கெட்டிருக்கும் கொட்டில்களும் உண்டு. அவற்றுக்கு மீண்டும் பலகை வாங்குதல் சிக்கனமன்று. அடியில் இரண்டடி உயரத்திற்குக் கல்லால் அரைச்சுவர் எழுப்பி, அதன் தலையில் தடித்த பொலித்தீனை இரட்டையாக விரித்து, அதன்மேல் புதிய அடிச்சட்டத்தை வைத்து, நல்ல பலகைகளைக் குறுக்கி அறைந்துகொள்ளலே மேலானது. பொலித்தீன் இல்லாவிடின் கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிச் சட்டத்துக்கு ஏற்றும். முதற் செலவு சற்று அதிகமாயினும், தெறிநீர், எலி, கறையான் மூன்றுக்கும் இஃதொன்றே தடையாகும். விதைநெல் வைக்கும் கொட்டிலுக்கு வேறு எம்முறையையும்விட இதுவே விரும்பத்தக்கது.

புதுப்பலகையைப் பொருத்தல்

புதுப்பலகையின் பருமன் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். அளவாக வெட்டியபின், அறைவதற்கு முன்னரே அதன் ஆறு பக்கங்களுக்கும் முதற்பூச்சுப் பூசிவிடல் வேண்டும். அறைந்தபின் பூசினால் பின்முகமும் முனைகளும் பூச்சின்றி நின்றுவிடும். முனைகளுக்கு இரண்டு தடவை நன்றாக ஊறவிட்டுப் பூசவேண்டும். இணக்கத்திற்காக ஓரத்தைச் சீவ நேர்ந்தால், சீவிய இடத்திற்கும் உடனே பூச்சிடுக.

பலகை கீழ்ப்பலகையை ஓரங்குலத்துக்குக் குறையாது மூடவேண்டும். நாகம் பூசிய ஆணியையே உபயோகிக்க வேண்டும். முக்காலங்குலப் பலகைக்கு இரண்டேகால் முதல் இரண்டரை அங்குல ஆணி பொருத்தமானது. பாலை, முதிரை, பனை ஆகியவற்றிற் துறப்பணத்தால் முன்துளையிடாது ஆணியடித்தால் முனை பிளக்கும். ஆணி மேற்பலகையின் அடியிலிருந்து ஒன்றேகால் அங்குலம் உயரத்தில், கீழ்ப்பலகையின் தலைக்குச் சற்று மேலாகச் செல்லவேண்டும். இரண்டு பலகையையும் சேர்த்து ஊடுருவ ஆணியடித்தல் பொதுவாகக் காணப்படும் தவறு. பலகை பருவத்துக்குப் பருவம் பருத்துச் சுருங்குவதற்கு இடம் வேண்டும்; இரண்டையும் ஓராணியிற் பிணைத்தால் இரண்டிலொன்று வெடிக்கும்.

நெடுக்குப் பலகைச் சுவராயின் அடிமுனையை நேராக வெட்டாது, உட்பக்கம் உயர்ந்தும் வெளிப்பக்கம் தாழ்ந்தும் இருக்குமாறு சரித்து வெட்டவேண்டும். நீர் வெளிவிளிம்பிற் சேர்ந்து சொட்டிவிடும். பலகைகளின் இடைவெளியை மூடும் சலாகையை ஒரு பலகையில் மாத்திரம் ஆணியடிக்க வேண்டும். கதவுக்கும் சாளரத்துக்கும் மேலே ஓர் ஒடுங்கிய தகரத்தை மடித்து, அதன் மேலோரம் மேற்பலகைக்குப் பின்னாலும் கீழோரம் நிலைக்கு வெளியேயும் வருமாறு செருகினால், நிலையின் தலையில் நீர் இறங்காது.

விரற்கடை அளவான சிறு உக்கலுக்குப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. உளியாற் கெட்டதைச் சுத்தமாக எடுத்து, அதே மரத்தின் உலர்ந்த துண்டொன்றை, நார் ஒரே திசையில் ஓடுமாறு, நீர்தாங்கும் பசையிட்டு இறுக்கிப் பின்னர் சீவிவிடலாம்.

மருந்தும் பூச்சும்

வைரமற்ற பலகைக்கும், உக்கலை வெட்டிய இடத்திலுள்ள பழம் மரத்துக்கும் போரன் மருந்து நல்லது. ஓர் இலீற்றர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, தூரிகையால் மூன்று தடவை, ஒன்று ஊறியபின் ஒன்றாகப் பூசவேண்டும். முனைகளை அக்கரைசலில் ஓரிரவு நிறுத்தி வைத்தல் மேலும் பயன்தரும். இம்மருந்து பங்கசு, வண்டு இரண்டையும் தடுக்கும். ஆனால் மழையிற் கரைந்து போகும் தன்மையுடையதாதலின், மரம் நன்றாகக் காய்ந்தபின் மேலே தீந்தையோ எண்ணெய்ப் பூச்சோ கட்டாயம் இடவேண்டும். கையுறை அணிந்து வேலை செய்தலும், கரைசலைப் பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாது வைத்தலும் அவசியம். மிகுந்ததை மரக்கறிப் பாத்தியில் ஊற்றலாகாது. போரன் பயிருக்கு அற்ப அளவில் உணவு, சற்று மிகுந்தால் நஞ்சு. போஞ்சி அதனால் விரைவிற் கருகும்.

முற்காலத்திற் கறையானுக்கென டீல்ட்ரின், குளோர்டேன் போன்றவை ஊற்றப்பட்டன. அவை ஆண்டுக்கணக்கில் மண்ணிலும் உடலிலும் தங்குவன என அறியப்பட்டு 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்கோம் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டன. பழைய போத்தல்கள் எங்கேனும் கிடப்பின் அவற்றைத் திறவாது விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க வேண்டும். உழவு இயந்திரத்திலிருந்து வடித்த கழிவெண்ணெயைப் பலகைக்குப் பூசும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உள்ளது. அதிலுள்ள உலோகங்களும் நச்சுப் பொருள்களும் மண்ணுக்கும் கிணற்றுக்கும் செல்லும். நெல்லும் அதன் மணத்தைப் பெறும். உணவோ விதையோ வைக்கும் கொட்டிலுக்கு அதுவும் தாரெண்ணெயும் ஆகா.

தீந்தை பூசுவதாயின் நான்கைந்து வெயில் நாட்களின் பின்னர், காலைப் பனி காய்ந்தபின் பூசுக. ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் ஒன்றை மறத்தலாகாது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அவை தாமாகவே வெப்பமேறித் தீப்பற்றக்கூடும். வைக்கோலும் சாக்கும் கிடக்கும் கொட்டிலில் அதன் விளைவு சொல்லவேண்டியதில்லை. துணிகளை நீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்டபின்னரே அகற்றவேண்டும்.

சுவரோர நிலத்தைத் திருத்தல்

அடிப்பலகைக்கும் நிலத்துக்கும் எட்டங்குல இடைவெளி உண்டாகும்வரை சுவரோர மண்ணை வெட்டியகற்றி, வெளிப்பக்கம் சரிவாக்க வேண்டும். கூரைநீர் விழும் கோட்டில் ஒன்றரை அடி அகலத்திற்கு, நான்கங்குல ஆழத்திற்கு உடைகல் பரப்பினால் துளி தெறிக்காது கல்லிடையே இறங்கிவிடும். கூரை விளிம்பு சுவருக்கு வெளியே ஒன்றரை முதல் இரண்டடி வரை நீள்தல் வேண்டும்; குறைவாயின் கைமரங்களோடு துண்டுச் சட்டங்களை இணைத்து நீட்டலாம். சுவரோரம் பூசணி, பாகல் முதலிய கொடிகளைப் படரவிடாது இரண்டடி தள்ளி நடுக. கொடியின் இலைகள் காற்றை மறைத்துப் பலகையைக் காயவிடா.

வேலை முடிந்தபின் ஐப்பசியின் முதற் பெருமழை பெய்யும்பொழுதே கொட்டிலினுள் ஒருமுறை சென்று, கதவைச் சாத்தி, ஒவ்வொரு சுவராகக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டுப்படும் இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்துவிட்டு, மழை விட்டதும் அவ்விடத்துக்கு நேராகக் கூரையையும் வெளி நிலத்தையும் பார்க்க. அக்குறிகள் திருத்தப்படும்வரை விதை மூடைகளை அச்சுவர்ப் பக்கம் கொண்டுவரலாகாது.